கை நனைக்காத ஞாயிற்றுக்கிழமைகள்

என் மகள் வாலென்சியாவிலிருந்து போன் செய்து, "அம்மா, ஒரு பையன்" என்று ஆரம்பித்தபோது நான் மொட்டைமாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அதனால் அந்தப் பையனைப் பற்றிய செய்தி எனக்கும், தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கும், பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு எங்கள் பெருநகர் கிராமத்தில் யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டிய வேலை எங்களுக்கு இருக்கவில்லை.

பையன் ஸ்பெயின்காரன். இவளோடு ஒரே கம்பெனியில் வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். அந்த அம்மா வாலென்சியாவுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் நெல் பயிர் வைக்கிறார்.

நெல் என்றதும் தொட்டிக்குள்ளிருந்து தேய்க்கும் சத்தம் நின்றது. "எவ்ளோ நெலம் கீதாம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் கத்துவார், நான் அழ வேண்டியிருக்கும் என்றெல்லாம் மனத்துக்குள் தயாராகியிருந்தேன். மனிதர் இரண்டு நாள் உம்மென்று இருந்துவிட்டு, மூன்றாம் நாள் மோர் குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "எந்த ஊரா இருந்தா இன்னா? நம்ம பொண்ண முறையா வந்து கேக்கணும். கேட்டாங்கன்னா பாக்கலாம்."

கேட்க அந்த அம்மாவால் வரமுடியாது. முட்டிவலி, அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாதாம். அப்படியென்றால் நாம் போய், அவர்கள் கேட்க வசதியாக அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று முடிவாயிற்று. சொர்ணவாரிப் பட்டத்து நெல் நட்டு ஒரு களைகூட எடுத்திருக்கவில்லை, என் வீட்டுக்காரர் நகர முடியாது. ஆக, கிளம்பியவள் நான்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தட்டில் பூ, பழம், தேங்காய் வைத்து எடுத்துவந்து பெண் கேட்பார்கள். இரண்டு பக்கமும் சரி என்று வாய்விட்டுச் சொல்லும்வரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் வேண்டாம் என்று சொன்னால் ஊர் சிரிக்கும்.

விமான நிலையத்தில் என் வீட்டுக்காரர் மற்றவர்களைப்போல ஜாக்கிரதை, பத்திரம் என்றெல்லாம் சொல்லவில்லை. "அவங்க கேக்கறதுக்கு முன்னாடி கைய நனைச்சிடாத" என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் நின்ற காவலர் என் கையைப் பார்த்தார்.

ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் சொந்த முடிவு. பையனின் அம்மாவுக்கு ஸ்பானிஷும் அந்த வட்டாரத்து மொழியும்தான் தெரியும். எனக்குத் தமிழும், பன்னிரண்டாம் வகுப்பில் தப்பிப் பிழைத்த ஆங்கிலமும். நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க என் மகள் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் இவள் எட்டாவது படிக்கும்போது ரேங்க் கார்டில் டீச்சர் எழுதியதை எங்களுக்குப் படித்துக்காட்டியவள். "வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள்" என்பது இவள் வாயில் "நன்றாகப் பேசுகிறாள்" என்று வந்தது. தவிர, கல்யாணப் பெண்ணே நடுவில் உட்கார்ந்து, "அவங்க என்னைக் கேக்கறாங்க, நீ சரின்னு சொல்றியா?" என்பது எந்த ஊர் நியாயம்? கேட்கிற வார்த்தை என் காதில் நேராக விழவேண்டும். அதற்காக, மகள் வீட்டில் தங்கிக்கொண்டு வாலென்சியாவிலேயே ஒரு கோடைகால வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பில் எல்லாம் சின்னப் பிள்ளைகள். என் வயதில் ஒரே ஒருவர், ஜெர்மனியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பல் டாக்டர். எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இவர்களுடைய மொழியில் நாயைச் சொல்வதற்கு நாக்கை நன்றாக உருட்ட வேண்டும். வகுப்பே வாய் வலிக்க முயற்சி செய்துகொண்டிருந்தபோது நான் "பெர்ரோ" என்றேன். வாத்தியாரம்மா கை தட்டினார். இத்தனை வருஷம் ஆடு மாடு ஓட்டிய நாக்கு அது. பல் டாக்டர் மட்டும் என் வாய்க்குள் ஏதாவது தனியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

அதோடு என் பெருமை முடிந்தது. இந்த மொழியில் இருக்கிறது என்பதற்கு இரண்டு வார்த்தை. நிலையாக இருப்பதற்கு ஒன்று, இப்போதைக்கு இருப்பதற்கு இன்னொன்று. எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே 'கீது'. மலையும் கீது, காய்ச்சலும் கீது, யாரும் குழம்பியதில்லை. இதை வாத்தியாரம்மாவிடம் சொல்ல ஆசைதான். சொல்வதற்கும் ஸ்பானிஷ் வேண்டியிருந்தது.

ஒருநாள் கடைத்தெரு நாடகம் நடத்தினார்கள். வாத்தியாரம்மா தக்காளிக்காரி, நான் வாங்க வந்தவள். அவர் விலை சொன்னார். நான் உத்திரமேரூர் சந்தையில் செய்வதுபோல உதட்டைப் பிதுக்கி, "நோ" என்று சொல்லிவிட்டு நடந்தேன். கூப்பிடுவார் என்று வகுப்பு வாசலில் மெதுவாகத் திரும்பினேன். கூப்பிடவில்லை. வராந்தாவைக் கடந்து, படிக்கட்டு வரைக்கும் போய்விட்டேன். கடைசியில் பல் டாக்டர் வந்து, எனக்கு உடம்பு சரியில்லையா என்று சைகையில் கேட்டார். இந்த ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. ஆனால் அதைத் தக்காளிக்கு மட்டும்தான் புரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பையனின் அம்மா எங்களை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். முதல் ஞாயிறு போனபோது, வீட்டுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டியவரை நெல் வயல். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கினேன். என் வீட்டுக்காரர் வீடியோவில் வந்து, பையனைப் பார்ப்பதற்கு முன்னால் பயிரைப் பார்த்தார். "பயிரு நல்லாத்தான் கீது. அந்த மூலைல களை பாரு, எடுக்கச் சொல்லு" என்றார். பையன் பக்கத்தில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தான். ஒல்லியான, நல்ல உயரமான பிள்ளை. என் மகள் சொல்லிக்கொடுத்து என்னை "அம்மா" என்றே கூப்பிட்டான்.

அவன் அம்மா வாசலில் விறகடுப்பு மூட்டி, முற்றம் அகலத்துக்கு ஒரு தட்டையான இரும்புச் சட்டியில் மஞ்சள் சோறு செய்தார். முயல் கறி, பீன்ஸ், நத்தை எல்லாம் போட்டது. நத்தையைப் பார்த்து என் மகள் பயந்தபடி என்னைப் பார்த்தாள். எனக்கென்ன பயம்? எங்கள் வயல் நத்தையைத் தின்று வளர்ந்தவள் நான். வாசனை மூக்கில் ஏறி, வயிறு கூவியது. அந்த அம்மா முதல் தட்டை எனக்குத்தான் நீட்டினார்.

"நோ, கிராசியாஸ்" என்றேன். நான் கற்றுக்கொண்ட ஸ்பானிஷை முதன்முதலாக வெளியே பயன்படுத்தியது அதற்குத்தான்.

அவர் முகம் வாடியது. நான் மகளிடம், "விரதம்னு சொல்லு" என்றேன். அவள் சொன்னாள். அந்த அம்மா உடனே பயபக்தியோடு தலையசைத்து, தட்டை எடுத்துக்கொண்டார். நான் சட்டி காலியாகும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிறும் கூப்பிட்டார். விரதம் முடிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார். முட்டை போட்டு, உருளைக்கிழங்கு அடை மாதிரி ஒன்று செய்திருந்தார். நோ, கிராசியாஸ். அதற்கடுத்த ஞாயிறு, ஒருவேளை கறி முட்டை ஆகாதோ என்று வெறும் காராமணியைக் கத்திரிக்காயோடு வேகவைத்திருந்தார். அதற்கும் நோ, கிராசியாஸ். திரும்பி வரும் ரயிலில் என் மகள், "எந்த சாமிம்மா எல்லா ஞாயித்துக்கிழமையும் பட்டினி போடுது?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் பழைய சோறும் ஊறுகாயும் வைத்து ஒரு பிடி பிடித்தேன்.

தண்ணீர் குடிக்கலாமா என்பதில் ஒரு சந்தேகம் வந்தது. வெயில் எங்கள் ஊருக்குக் குறைவில்லை. என் வீட்டுக்காரர் அவருடைய அண்ணனிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னார். "தண்ணி குடிக்கலாமாம். காபி கூடாது. அதுல பாலு கீது, சக்கர கீது, நாஷ்டா கணக்குல வந்துரும்னு சொல்றாரு."

"ஐஸ் போட்ட தண்ணி?" என்று கேட்டேன்.

"இரு, கேட்டுக்கினு வரேன்" என்று உண்மையிலேயே போய்விட்டார்.

தினமும் அவர் போன் இதே கேள்வியோடுதான் வரும். "இன்னா, கேட்டாங்களா?" நான், "எங்கங்க? சோறு மட்டும் போட்டுக்கினே கீறாங்க" என்பேன். "நீ கம்முனு ஒக்காந்துக்கினு இரு. கேப்பாங்க" என்பார். டீக்கடையில் அவரையும் இதையேதான் கேட்கிறார்களாம். பெரிய பேஜார் என்று அலுத்துக்கொண்டார்.

என் மகளுக்குப் பொறுமை போனது. "நான் அவங்ககிட்ட சொல்லிடறேன். எங்கூட்ல இப்படி கேட்டாத்தான் சாப்புடுவாங்கன்னு."

"சொல்லிக் கேட்டா அதுக்குப் பேரு கேக்கறதா?" என்றேன். "எங்கள வந்து கேளுங்கன்னு பொண்ணு வூட்டுக்காரங்களே போய் நிக்கறதா? வாயத் தெறந்த, அடுத்த பிளைட்ட புடிச்சி ஊருக்குப் போயிடுவேன்."

"அவன் என்னைக் கேட்டுட்டாம்மா. போன வருஷமே. மோதிரம்லாம் போட்டு."

"உன்ன கேட்டா? உனக்கு இன்னா தெரியும்?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய வேகத்தில் என் புத்தி தெரிந்தது. அவள் என் மகள்தான்.

அடுத்த ஞாயிறு நான் கிட்டத்தட்டத் தோற்றேன். அந்த அம்மா மேஜையில் என் இடத்தில் மட்டும் ஒரு சின்ன மண் கிண்ணம் வைத்திருந்தார். உள்ளே தயிர்ச்சோறு. பையனிடம் கேட்டு, யூடியூபில் பார்த்து, குழைய வேகவைத்து, மேலே கடுகு தாளித்திருந்தார். கடுகு கறுகியிருந்தது. ஓரத்தில் எலுமிச்சைத் துண்டை உப்பில் பிரட்டி ஊறுகாய் மாதிரி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கேளேன் தாயே, ஒரு வார்த்தை கேட்டுவிடேன், மூன்று கிண்ணம் சாப்பிடுகிறேன் என்று மனத்துக்குள் கெஞ்சினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் தண்ணீரைக் குடித்துவிட்டு, "நோ, கிராசியாஸ்" என்றேன். இந்த முறை அவர் தலையசைக்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை.

திங்கட்கிழமை என் மகள் வேலைக்குப் போகாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. பையன் அவளிடம் சொல்லியிருக்கிறான்: என் அம்மா இனி கூப்பிடமாட்டார். உன் அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை, எங்கள் வீட்டில் தண்ணீரைத் தவிர எதையும் தொட மனம் வரவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டதாம். ஒரு தாயின் மனத்துக்கு எதிராக அவள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வராதே, யோசித்துக்கொள் என்று மகனிடம் சொல்லிவிட்டாராம்.

"நீ சந்தோஷமா இரும்மா" என்றாள் என் மகள். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இதை இத்தனை அமைதியாகச் சொன்னது எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பெண்ணை நான் சிரிக்கவைக்க வந்தேனா, அழவைக்க வந்தேனா என்று என்மேலேயே கோபம் வந்தது.

அன்று வகுப்பில் எனக்கு எதுவும் ஏறவில்லை. முடிந்ததும் வாத்தியாரம்மாவிடம் போய், இருந்த வார்த்தைகளையெல்லாம் கூட்டிச் சேர்த்து, உங்கள் ஊரில் பெண் கேட்பது எப்படி என்று கேட்டேன். இப்போது யாரும் கேட்பதில்லை, முன்பெல்லாம் பையன் வீட்டார் வந்து பெண்ணின் கையைக் கேட்பார்கள் என்றார். நாங்கள் பெண்ணையே கேட்கிறோம், இவர்கள் ஒரு கையோடு விட்டுவிடுகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எப்படிக் கேட்பார்கள் என்று அந்த வாக்கியத்தைப் பல முறை சொல்லச் சொல்லி, மனப்பாடம் செய்துகொண்டேன். யாராவது கேட்டால் எனக்கு விளங்க வேண்டுமே.

போனில் என் வீட்டுக்காரரிடம், "நாளைக்கு நான் போய் அந்தம்மாகிட்ட நம்ம வழக்கத்தச் சொல்லப் போறேன்" என்றேன்.

"பொண்ணு வூட்டுக்காரங்க நாம போய் நின்னா மருவாதி இன்னா ஆவறது?"

"உங்களுக்கு மருவாதி வேணுமா, பொண்ணு வேணுமா?"

மறுமுனையில் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். "தேங்காய தட்டிப் பாத்து வாங்கு. அங்கல்லாம் அழுகினத வச்சிருப்பான்" என்றார்.

சூப்பர் மார்க்கெட்டில் நான் தேங்காயைக் காதில் வைத்துத் தட்டியதை எல்லோரும் நின்று பார்த்தார்கள். வாழைப்பழம், சர்க்கரை, ஒரு கொத்து மல்லிகை. வெற்றிலை மட்டும் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் மகளின் எவர்சில்வர் தட்டோடு பையில் போட்டு, அவளிடம் சொல்லாமல் ரயில் ஏறினேன். தட்டுக்கு எல்லாம் நானே வாங்கி, நானே சுமந்துபோய், எனக்கே கொடுக்கச் சொல்லப்போகிற முதல் பெண்வீட்டுக்காரி நான்தான் என்று நினைத்தபோது, அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

கதவைத் திறந்த பையனின் அம்மா என்னைத் தனியாகப் பார்த்ததும் பயந்துபோனார். யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். சமையலறையில் ஒற்றைத் தட்டில் அவருடைய மதியச் சாப்பாடு பாதியில் இருந்தது, முந்தின நாள் மஞ்சள் சோறு. நான் மேஜையில் தட்டை வைத்து, பழத்தையும் பூவையும் தேங்காயையும் அடுக்கினேன். பிறகு பேசினேன். நான் பேசிய ஸ்பானிஷைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்.

"உங்கள் சோறு நல்லது. நான் பசி. எல்லா ஞாயிறும் பசி. விரதம் இல்லை, பொய். என் ஊர், முதலில் பையன் அம்மா வருவது, தட்டு, பழம், பெண் கேட்பது. பிறகு சாப்பிடுவது. கேட்பது இல்லை, சாப்பிடுவது இல்லை. நான் காத்திருப்பது. என் பெண் அழுவது."

அவர் தேங்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படியென்றால் என் மகனைப் பிடிக்காமல் இல்லையா?" என்று கேட்டார்.

"நல்ல பையன். மிகவும் ஒல்லி" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, சமையலுக்குக் கட்டியிருந்த மேல்துணியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிப்புதான் என்று கொஞ்ச நேரம் நினைத்திருந்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து என்றேன். அவர் தன் முட்டியைத் தட்டிக் காட்டினார். உங்கள் வீடு ரொம்ப தூரம் என்றார்.

சட்டென்று எழுந்து உள்ளே போனவர், நீலப் பூப்போட்ட நல்ல சட்டை மாற்றி, தலைசீவி, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். வீட்டுச் சாவியை என் கையில் வைத்தார். "இப்போதைக்கு இது உங்கள் வீடு. உட்காருங்கள்" என்று என்னைக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்தார். தட்டை எடுத்துக்கொண்டு, தன் வீட்டைவிட்டுத் தானே வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

மணி அடித்தது.

கதவைத் திறந்தேன். வெயிலில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு காலைத் தாங்கிக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுக் கிழவர் சன்னலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கற்ற ஸ்பானிஷ் அத்தனையும் எங்கோ போய்விட்டது. "வாங்க, வாங்க. உள்ள வாங்க" என்றேன்.

உள்ளே வந்து, நின்றபடியே, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு விளங்கியது.

"நான் என் மகனுக்காக உங்கள் பெண்ணின் கையைக் கேட்க வந்திருக்கிறேன். இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. அவளை நான் தனியாகச் சாப்பிட விடமாட்டேன்."

முறைப்படி நான், வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்ல வேண்டும். உடனே ஒத்துக்கொண்டால் மதிப்பில்லை. அதையும் ஸ்பானிஷில் தயாராக வைத்திருந்தேன். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் வாங்கி மேஜைமேல் வைத்தேன். சமையலறைக்குப் போய், அவர் பாதியில் விட்டிருந்த சோற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டியிலிருந்து எனக்கு ஒரு தட்டில் போட்டுக்கொண்டேன். அவர் அவசரமாக ஸ்பூன் எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளாமல், கையைக் கழுவிவிட்டு வந்து, ஐந்து விரலாலும் பிசைந்து சாப்பிட்டேன்.

அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஒக்காருங்க சம்பந்தி" என்றேன் தமிழில். "நீங்களும் சாப்புடுங்க, ஆறிப்போவுது."

உட்கார்ந்தார்.